சால்வைக்குச் சலவைச் சோடா

இந்தச் சம்பவத்துக்கு முன்பு என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். வேதியியலில் இளங்கலைப் பட்டம். போடிமெட்டுச் சரிவில் சொந்த ஏலத்தோட்டம். அதிலேயே காய் உலர்த்தும் ஸ்டோர். என் ஏலக்காயின் பச்சை நிறத்தைப் பற்றிப் போடி வியாபாரிகள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். (பொறாமைதான், வேறென்ன.) அப்படிப்பட்டவனைக் குடும்ப விசேஷங்களில் கேலிப்பொருளாக்கியது நானே பின்னிய ஒரு சால்வை.

விரல் மூட்டுகள் இறுகிவிட்டன, ஏதாவது கைவேலை பழகுங்கள் என்றார் மருத்துவர். தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த ஓய்வுபெற்ற செவிலியர் லீலாம்மாவிடம் கம்பளி நூலில் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டேன். லேஸ் என்பது வேண்டுமென்றே விடப்படும் ஓட்டைகளின் ஒழுங்கு. முதல் மூன்று மாதங்களில் நான் விட்ட ஓட்டைகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. பிறகு கை பழகியது. பழகியதும் வாய் நீண்டது. என் மகளின் குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில், போடிமெட்டுக் குளிருக்கு, நான் பின்னிய சால்வையைத்தான் போர்த்த வேண்டும் என்று சம்பந்தியிடம் அறிவித்தேன். அவர் வாங்கி வைத்திருந்த சால்வையைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கவும் சொன்னேன்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு வேலை முடிந்தது. ஏலப் பச்சை நிறம், மூன்றடிச் சதுரம். லீலாம்மா தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாரே, பச்சத் தண்ணியில நனைச்சு, பிழியாம ஒத்தியெடுத்து, இழுத்து ஊசி குத்தி வச்சா மதி. வேற ஒண்ணும் செய்யண்ட." (அவர் மலையாளத்தில் மதி என்றால் போதும், செய்யண்ட என்றால் செய்யவேண்டாம்.)

கழுவுவதைப் பற்றி எனக்கா பாடம்? முப்பது வருடமாகப் பச்சைக் காயைச் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் முக்கி நிறம் காத்தவன் நான். ஆகவே சால்வையையும் முக்கினேன், வெந்நீரில். காயைத் தேய்த்துக் காம்பு உதிர்ப்பதுபோல், பிசிறு போகக் கயிற்றுப் பாயில் போட்டு நன்றாகத் தேய்த்தேன். பிறகு ஸ்டோர்ச் சூட்டில் விரித்துக் கதவைச் சாத்தினேன். மறுநாள் திறந்தபோது தட்டில் பச்சையாக ஒரு பலகை கிடந்தது. ஒரு ஓட்டைகூட மிச்சமில்லை. தூக்கிச் சுவரோரம் வைத்தேன். நின்றது.

என் மனைவி வந்து பார்த்தாள். "ஏலக்காய்க்குச் செஞ்சத இதுக்கும் செஞ்சுட்டீகளா?" என்றாள்.

சொன்ன சொல் சொன்னதுதான். அதையே சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குக் கொண்டுபோனேன். மேட்டில் மூடுபனி, குழந்தை வெடவெடத்தது, கூட்டம் முழுவதும் என் கையைப் பார்த்தது. சம்பந்தி அதை வாங்கி, விரலால் தட்டிப் பார்த்தார். சத்தம் வந்தது.

"சம்மந்தி, இதப் போர்த்துறதா, சாத்தி வைக்கிறதா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அதற்குள் சம்பந்தி உள்ளே போய், பீரோவிலிருந்து அந்தக் கடைச் சால்வையை எடுத்து வந்தார்.

"திருப்பிக் குடுக்கல. உங்களத் தெரியும்ல."

இதைவிட ஒரு மனிதனை அவமதிக்க முடியுமா? என் மேல் நம்பிக்கையே இல்லாமல் இருந்திருக்கிறார், அதுவும் முன்கூட்டியே!

லீலாம்மா ஒருவர்தான் நியாயமாகப் பேசினார். சூடும் சோடாவும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், அதற்கு ஃபெல்ட் என்று பெயர், அதைத் தனியாகப் படிப்பவர்களும் உண்டு என்று விளக்கினார். "நல்ல ஃபெல்ட்டாணு, சாரே." நான் ஒரே நாளில், ஆசிரியர் இல்லாமல் கற்றேன்.

இன்றும் சம்பந்தி வீட்டில் கொதிக்கும் காப்பிப் பாத்திரம் அதன் மேல்தான் இறங்குகிறது. ஏலக்காயைச் சல்லடையில் சலித்து மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிப்பதுபோல், "சால்வை எத்தனை மில்லி?" என்று பேரன் உட்பட எல்லோரும் கேட்கிறார்கள். எட்டு மில்லி சல்லடையில் போட்டால் கீழே விழுந்துவிடும் என்று சம்பந்தி ஊரெல்லாம் சொல்லி வருகிறார்.

விழாது. நானே அளந்தேன். பதினாலு அங்குலம்.