கித்தாருக்காகத் தொங்கிய பன்னிரண்டு பட்டுப்புடவைகள்

சரியாக வாசிக்கத் தெரியாதவனுக்குத்தான் நல்ல ஒலிப்பதிவு தேவைப்படும். இரண்டாயிரத்து மூன்று வாக்கில் எனக்கு மிக மிக நல்ல ஒலிப்பதிவு தேவைப்பட்டது.

வேலூரில் ஒரு மெல்லிசைக் குழுவுக்குக் கித்தார் வாசிக்க ஆள் தேடினார்கள். வாசித்ததை சிடியில் போட்டுத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இடம் கிடைத்தால் அப்பா வீட்டிலேயே நடத்திய பட்டுப்புடவை வியாபாரத்திலிருந்து நான் தப்பிக்கலாம். (வியாபாரமும் என்னிடமிருந்து தப்பிக்கும் என்பது அம்மாவின் கருத்து.)

பழைய எலெக்ட்ரிக் கித்தாரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகினால் ஒரே இரைச்சல். ஆம்ப்ளிஃபயர் முன்னால் மைக்கை வைத்தாலோ, பக்கத்து வீட்டு விசைத்தறி என்னைவிடத் தாளம் தப்பாமல் பதிவானது. அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. நாள் குறித்துவிட்டேன்.

பாக்கி இருந்தது எதிரொலி. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துவந்த தாள், அறையைச் சுற்றிக் கனமான துணியைத் தொங்கவிடச் சொன்னது. ஆரணி வெயிலில் யார் வீட்டில் கம்பளி இருக்கும்? எங்கள் பீரோவில் இருந்த ஒரே கனமான துணி, கண்ணமங்கலத்துக் கல்யாண வீட்டுக்காக நெய்து வந்திருந்த பன்னிரண்டு பட்டுப்புடவைகள். கொடிக்கயிறு கட்டி, கிளிப் போட்டு, எல்லாவற்றையும் பிரித்துத் தொங்கவிட்டேன். முகூர்த்தப் புடவையில் ஜரிகை அதிகம், கனமும் அதிகம். அதை மைக்குக்குப் பின்னால், சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டினாற்போல் மாட்டினேன். கைதட்டிப் பார்த்தேன். எதிரொலி போன இடம் தெரியவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அமாவாசையில் தறிதான் ஓடாது. நல்ல நாள் என்று கல்யாணப் புடவை வாங்குகிறவர்கள் அன்றைக்குத்தான் தேடி வருவார்கள். பட்டு வியாபாரியின் மகனுக்கு இது மறந்துபோனது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மூன்று நிமிடம் வாசித்திருப்பேன். கண்ணைத் திறந்தபோது வாசலில் அப்பா, கண்ணமங்கலத்துக் கல்யாணப் பெண், பெண்ணின் அம்மா.

“இன்னாடா பண்ணிகினு இருக்கற?” என்றார் அப்பா.

“ரெக்கார்டிங்பா. ரூம்ல எக்கோ வருது.”

“எக்கோ வந்தா முகூர்த்தப் பொடவைய கொடியில போடுவியா?”

பெண்ணின் அம்மா முகூர்த்தப் புடவையின் முந்தானையைத் திருப்பிப் பார்த்தார். அரக்கு நிறத்தில் சுண்ணாம்பு திட்டுத்திட்டாக அப்பியிருந்தது.

“பொண்ணு பிரிக்க வேண்டிய பொடவைங்க. தம்பி பிரிச்சிடுச்சே,” என்றார் மெதுவாக. அந்தப் பெண் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. மீதிப் பதினொன்றையும் தொடாமல் அவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் தெருமுனை தாண்டும்வரை அப்பா பொறுத்திருந்தார். அதற்குப் பிறகு பன்னிரண்டு புடவைகளுக்கு நடுவில் நின்று, பட்டுப்பூச்சியிலிருந்து தொடங்கி என் பிறப்புவரை ஒன்றையும் விடாமல் திட்டினார். நான் பதிவை நிறுத்த மறந்திருந்தேன்.

சாயங்காலம் போட்டுக் கேட்டேன். கித்தார் தகர டப்பாவைச் சுரண்டுவதுபோல் இருந்தது. அப்பாவின் குரலோ கணீரென்று, எதிரொலி துளியும் இல்லாமல், மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாக விழுந்திருந்தது. சத்தம் கேட்டு அப்பாவே உள்ளே வந்தார். அடி விழப்போகிறது என்று ஒதுங்கினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நல்லாத்தான் கேக்குது. மொதல்லருந்து போடு,” என்றார்.

திங்கட்கிழமை நான் வேலூருக்குப் போகவில்லை. கொடுக்க என்னிடம் இருந்தது அந்த ஒரு பதிவுதான். இன்றைக்கு அது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருடைய செல்போனிலும் இருக்கிறது. கல்யாணங்களில் கூடினால் யாராவது போடச் சொல்வார்கள். “உனுக்கு இன்னாத்துக்குடா கித்தாரு” என்ற இடம் வந்ததும் குழந்தைகள்கூடச் சேர்ந்து சொல்லும். அப்பா சத்தத்தைக் கூட்டச் சொல்வார்.

அதற்கு முன்னால் நான் வாசித்த மூன்று நிமிடமும் அதில் இருக்கிறது. அதை என் மனைவி ஓட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.