லொறிக்கு ஒரு வெளிப் பிளக்

லொறியின் பொனற் மூடி திறக்கவில்லை. நேசராஜா இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். பனியில் உறைந்து ஒட்டிப்போயிருந்தது. எஞ்சினைச் சூடாக்கும் ஹீற்றரின் வயர் அதற்குள்தான் கிடந்தது. பின்னேரமே அதற்குக் கரண்ட் கொடுத்து வைத்தால்தான் அந்தக் கிழட்டு டீசல் லொறி காலையில் எழும்பும். அது எழும்பினால்தான் இக்காஸ்டிலிருந்து ஹொல்ஸ்டெப்ரோ வரைக்கும் டேனிஷ் ஊர்களில் இருக்கும் தமிழ் வீடுகளுக்கு முருங்கைக்காயும் மீனும் போகும்.

அது 2009 பெப்ரவரி. வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்தது. அவருடைய தம்பி ஞானரட்ணம் மனைவி, பிள்ளையோடு அங்கே அகப்பட்டிருந்தான். கிழமைக்கணக்காய் ஒரு சேதியும் இல்லை. எந்த நேரமும் கூப்பிடுவான் என்று நேசராஜாவின் மனைவி கிருபாமலர் வயரில்லாத வீட்டு ஃபோனைக் குளியலறைக்கும் தூக்கிக்கொண்டு போனாள்.

சும்மா இருந்தால் கெட்ட நினைவுதான் வந்தது. ஆகவே நேசராஜா லொறியில் கை வைத்தார். சுடுதண்ணி ஊற்றிப் பொனற்றை ஒருமாதிரித் திறந்தார்; இனி அதைத் திறக்காமலே ஹீற்றருக்குக் கரண்ட் கொடுக்க, முன்பக்கம் வெளியே ஒரு பிளக் பூட்டிவிடுவது என்று முடிவு. ஆலோசனைக்கு ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் மைத்துனர் தவராஜாவைக் கைத்தொலைபேசியில் கூப்பிட்டார். தவராஜா தொழிற்சாலையில் பெயின்ற் அடிப்பவர்; கரண்ட் வேலை தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

துளை போடும்போது ட்றில் ஹோர்ன் வயரிலும் இறங்கிவிட்டது. லொறி தெருவுக்கே கேட்க அலறியது. பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் செருப்போடு வெளியே வந்து, லொறியையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

பிளக்கின் வாய் மேலே பார்க்கட்டும், குத்துவதற்குச் சுகம் என்றார் தவராஜா. மேலே பார்த்த வாய்க்குள் பனி விழுந்தது. குசினியிலிருந்து வயர் இழுத்துக் குத்தியதும் வீடு முழுக்க இருண்டது. சோறு அரை வேக்காட்டில் நின்றது. கிருபாமலர் சோற்றைப் பற்றிப் பேசவே இல்லை.

"கரண்ட் இல்லாட்டி ஃபோன் வேலை செய்யாதெல்லோ?" என்றாள்.

கரண்ட் திரும்ப வந்தது; குசினிப் பக்கமே வரக்கூடாது என்ற கட்டளையும் வந்தது. நேசராஜா பிளக்கைத் துடைத்துக் கீழே பார்க்கத் திருப்பிப் பூட்டினார். வயரை வாசல் கதவிலுள்ள கடிதத் துவாரத்தால் உள்ளே விட்டார். சப்பாத்து அலுமாரிக்குப் பின்னால் சுவரில் பிளக் குத்தும் இடம் இருந்தது, ஆனால் எல்லாவற்றிலும் ஏற்கெனவே வயர் குத்தியிருந்தது. கிறிஸ்மஸுக்குத் தொங்கவிட்ட நட்சத்திரத்தை இன்னும் கழற்றவில்லை. அது ஓர் இரவு எரியாவிட்டால் குடிமுழுகிப் போகாது என்று, கையை விட்டுத் தடவி ஒன்றைப் பிடுங்கிவிட்டு வயரைக் குத்தினார்.

காலையில் லொறி முதல் திருப்பிலேயே எழும்பியது. பெருமை தாங்காமல் உள்ளே ஓடி வந்தார். கிருபாமலர் யன்னலைப் பார்த்தபடி நின்றாள். அங்கே நட்சத்திரம் ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

"நீங்கள் நேற்றுக் கழட்டினது எதை?"

ஃபோன் இரவு முழுக்கச் செத்துக் கிடந்திருக்கிறது. அவருடைய கைத்தொலைபேசியும் லொறிக்குள் குளிரில் அணைந்து கிடந்தது. நேசராஜா ஃபோனுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு பயந்ததில்லை. முருங்கைக்காய் லொறியிலேயே இருந்தது. கிருபாமலர் ஜெபம் பண்ணினாள், அவரைத் திட்டவும் மறந்துபோனாள்.

ஃபோன் அடித்தது. ஞானரட்ணத்தின் குரல்.

"அண்ணை, நாங்கள் மூண்டு பேரும் சண்டைக்குள்ளால தப்பி வவுனியாவுக்கு வந்து சேர்ந்திட்டம்."

நேற்று இரவு வீட்டுக்கு ஃபோன் எடுத்துப் பார்த்தானாம், கிடைக்கவில்லையாம். தவராஜாவுக்கு எடுத்தானாம். இரவல் ஃபோனில் காசு முடியும்வரை தவராஜாவேதான் கதைத்தாராம். நேசராஜா ஃபோன் செத்ததற்குத் தான்தான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தார். தம்பி விடவில்லை.

"அதை விடுங்கோ அண்ணை. லொறி ஸ்ராட் வந்திட்டுதோ? அது தெரியாமல் இஞ்ச எங்களுக்கு இரவு முழுக்க நித்திரையில்லை."