அடுத்த மார்ச்சில் ஊருக்குப் போகிறவர்

ஆக்லாந்தில் தமிழர்கள் கூடுகிற எந்த மண்டபத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், அடுத்த மார்ச்சில் நாடு திரும்பப் போகிறவர் ஒருவர் அங்கே இருப்பார். பிறந்தநாள் விழாவென்றால் கேக் மேசைக்கு இரண்டடி தள்ளி, சரஸ்வதி பூசையென்றால் சுண்டல் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கையில் தட்டோடும் சுற்றிலும் நாலு பேரோடும் நிற்பார். கிரிக்கெட் பேசமாட்டார். அரசியல் பேசமாட்டார். இரட்டைக் குடியுரிமை பேசுவார். எந்த விமான நிலையத்தில் எந்தக் கடவுச்சீட்டை நீட்டவேண்டும், எத்தனை நாள் வெளியே இருந்தால் இந்த நாட்டு வரிக்காரர் உங்களை மறப்பார், எத்தனை நாள் உள்ளே இருந்தால் அந்த நாட்டு வரிக்காரர் உங்களை நினைப்பார், எல்லாம் அவருக்கு மனப்பாடம். நாடு திரும்புவதில் அவர் செய்யாதது ஒன்றே ஒன்றுதான். திரும்புவது.

இந்த இனத்தை நான் அருகில் இருந்து பார்த்தது நவரத்தினம் அவர்களிடம். ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற மின் பொறியியலாளர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவரும் மனைவி வசந்தமலரும் நியூசிலாந்துக் குடியுரிமையை வைத்துக்கொண்டே இலங்கைக் குடியுரிமையையும் திரும்ப எடுத்தார்கள். எதற்கு? அடுத்த மார்ச்சில் போவதற்கு. இங்கே வரி வருடம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. கணக்கை முடித்துவிட்டுச் சுத்தமாகக் கிளம்பவேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு மார்ச்சில் கூரைக்குப் பெயின்ட் அடிக்கவேண்டியிருந்தது. ஒரு மார்ச்சில் மகளுக்குக் கல்யாணம். ஒரு மார்ச்சில் கொரோனா. மற்ற மார்ச்சுகளில் ஒன்றுமில்லை, ஆனாலும் போகவில்லை.

இதற்கிடையில் ஊருக்கெல்லாம் ஆலோசனை. சென்னையிலிருந்து வந்து ஐடியில் வேலை பார்க்கும் செல்வராஜ் ஒரு விழாவில் பாயசத்தோடு வந்து மாட்டிக்கொண்டான்.

"சார், ரெண்டு வருஷத்துல நாங்க ஊருக்கே போயிடலாம்னு பேசிட்டிருக்கோம்..."

"தம்பி, கேளும். பன்னிரண்டு மாசத்தில முந்நூற்று இருவத்தைஞ்சு நாள் வெளிய நிக்க வேணும். அது மட்டும் போதாது. நிரந்தர வதிவிடம் எண்டு ஒண்டு இஞ்ச இருக்கக்கூடாது. உமக்கு வீடு இருக்கோ?"

"இருக்கு சார். மார்ட்கேஜ்ல."

"அப்ப முடிஞ்சுது!" என்றார் நவரத்தினம், மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வதுபோல. செல்வராஜின் பாயசம் ஆறிப்போனது.

விட்டிருந்தால் இப்படியே இன்னொரு பன்னிரண்டு வருடமும் போயிருக்கும். அதற்குள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து வசந்தமலருக்கு ஒரு போன் வந்தது. பள்ளித் தோழி ஒருத்தி அங்கே பெண்பிள்ளைகளுக்கு டியூட்டரி என்கிற தனிப்பயிற்சி நிலையம் நடத்துகிறாள். ஆங்கில ரீச்சர் கனடாவுக்குப் போய்விட்டார், நாற்பது பிள்ளைகள் சோதனைக்கு நிற்கிறார்கள், ஒரு வருடம் வந்து உதவ முடியுமா என்று கேட்டாள். வசந்தமலர் இங்கே ஆரம்பப் பள்ளியில் பத்தொன்பது வருடம் உதவி ஆசிரியராக இருந்து, மற்றவர் எழுதிய பாடத்துக்குப் படம் வெட்டி ஒட்டி ஓய்வுபெற்றவர். தனக்கென்று ஒரு வகுப்பு கிடைத்ததேயில்லை.

"நான் தையில போறன்," என்றார்.

"தையிலயோ? வரி வருஷத்துக்கு நடுவிலயோ?" நவரத்தினம் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "மார்ச் முடியட்டும்."

"எந்த மார்ச்?"

அவர் சட்டங்களைச் சொன்னார். இரண்டு நாட்டிலும் வரி வரும், ஓய்வூதியம் என்னாகுமோ, வங்கிக் கணக்கு என்னாகுமோ என்று அடுக்கினார். வசந்தமலர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் கைப்பையை எடுத்துக்கொண்டு நகரின் தெற்கே பாபடோயிட்டோய்க்குப் போனார். அங்கே திக்ஷா என்றொரு பிஜிக்காரப் பெண் கணக்காளராக இருக்கிறாள். அவள் மூன்று கேள்வி கேட்டாள். வீட்டை விற்கிறீர்களா? இல்லை. கணவர் எங்கே இருப்பார்? அந்த வீட்டில்தான். திரும்பி வருவீர்களா? ஒரு வருடத்தில். அப்படியானால் நீங்கள் வரிக்கு இன்னும் இந்த நாட்டவர்தான், ஊரில் கிடைக்கிற சின்னச் சம்பளத்தை இங்கே காட்டுங்கள், அங்கே கட்டும் வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம், ஓய்வூதியத்துக்குப் போகுமுன் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள் என்றாள் திக்ஷா. அவ்வளவுதான்.

"இருவத்தைஞ்சு நிமிசம்," என்று என் மனைவியிடம் சொன்னார் வசந்தமலர். "அதில அஞ்சு நிமிசம் தேத்தண்ணி குடிச்சது."

நவரத்தினத்துக்கு இது பெரிய அடி. அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியை ஒரு சின்னப் பெண் தேநீர் நேரத்தில் முடித்துவிட்டாள்.

"நீங்களும் வாங்கோவன்," என்றார் வசந்தமலர்.

"நான் இஞ்ச இருந்தாத்தானே உமக்கு நிரந்தர வதிவிடம்!" என்றார் அவர். பார்த்தீர்களா? பன்னிரண்டு வருடமாகப் போகவிடாமல் தடுத்த சட்டம், ஒரே இரவில் இருக்கச் சொல்லும் சட்டமாகிவிட்டது.

விமான நிலையத்துக்கு அவர்களை நான்தான் காரில் கொண்டுபோனேன். வசந்தமலர் உள்ளே போய் மறையும்வரை அவர் எந்த வரிசையில் எந்தக் கடவுச்சீட்டு என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். திரும்பும் வழியில் சான்ட்ரிங்ஹாம் கடைத்தெரு வந்ததும், "ஒரு கிழமைக்குப் புட்டு அவிச்சு வச்சிட்டுப் போயிருக்கிறா," என்றார். நான் ரேடியோவைப் போட்டேன்.

அதன்பிறகு மண்டபங்களில் அவர் மனைவி வெளியே இருக்கும் நாட்களை எண்ணினார். "இண்டைக்கு நூற்று நாற்பத்திரண்டு." கேட்கிறவர்கள் தலையாட்டினார்கள். ஆனி மாதக் குளிரில் ஒரு நாள் போன் வந்தது. "பிள்ளையள் விடுகினமில்லை. அடுத்த வருஷமும் நிக்கப்போறன்," என்றார் வசந்தமலர். நவரத்தினம் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை டிக்கெட் எடுத்தார். மார்ச் அல்ல, ஜூன்! வரி வருடம் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பெட்டி கட்டும்போதுதான் இலங்கைக் கடவுச்சீட்டை அலுமாரியிலிருந்து எடுத்தார். காலாவதியாகி இரண்டு வருடம். வசந்தமலர் தன்னுடையதைப் போகுமுன் தானே புதுப்பித்திருந்தார். புதுப்பிக்க நாளில்லை. ஊருக்கெல்லாம் கடவுச்சீட்டு வகுப்பெடுத்தவர் என் மேசையில் உட்கார்ந்து, தான் பிறந்த நாட்டுக்குச் சுற்றுலா விசா விண்ணப்பம் நிரப்பினார். முப்பது நாள். பயண நோக்கம் என்ன என்று கேட்ட இடத்தில் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"மனுசியைக் கூட்டிக்கொண்டு வரப் போறன் எண்டதுக்குக் கட்டம் இல்லை," என்றார்.

கொக்குவிலில் அவர் போய் இறங்கியபோது பின்னேர வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று பார்த்தார். நாற்பது பிள்ளைகள், கரும்பலகை, அதன் முன்னால் தன் மனைவி, இவ்வளவு சத்தமாக அவர் பேசி நவரத்தினம் கேட்டதேயில்லை. ஒரு சிறுமி திரும்பிப் பார்த்து, "ரீச்சர், இவர் ஆர்?" என்றாள்.

"நியூசிலாந்திலயிருந்து வந்திருக்கிறார்," என்றார் வசந்தமலர், சோக்குத்தூளைத் தட்டிக்கொண்டே. "முப்பது நாள் நிப்பார்."

விருந்தாளியை அறிமுகப்படுத்துகிற குரல். அது அவரை எங்கே தைத்ததோ, கூட்டிக்கொண்டு வர வந்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இருபத்தாறாம் நாள் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் போனார். விமானம் அவரில்லாமல் கிளம்பியது. இப்போது அதே டியூட்டரியில் கணிதம் எடுக்கிறார். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று, வரி விவகாரம் திக்ஷாவிடம். போன வாரம் பேசினோம். அரை மணி நேரம் பின்னக் கணக்கைப் பற்றியே சொன்னார். வரியைப் பற்றி நான்தான் கேட்டேன். "அதெல்லாம் ஆருக்குத் தெரியும்?" என்றார்.

நீங்கள் இதுவரை சிரித்திருப்பீர்கள், உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரின் முகமும் கண்முன் வந்திருக்கும். நல்லது. இதை இப்போதே வீட்டில் உரக்க வாசித்துக் காட்டுங்கள். வீட்டிலுள்ளவர்கள் சிரிக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், நான் ஒன்றும் சொல்லவில்லை.