கைநிறுத்திச் சாமியும் மீன் டின்னும்

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் இலங்கை மலையகத்துப் பெரகலைச் சந்தியில் வெள்ளிக்கிழமை என்றால் நிற்க இடம் கிடையாது. ஹல்துமுல்லையிலிருந்து வேன், பூனாகலையிலிருந்து லொறி. டயர் கடைக்குப் பின்னால் கைநிறுத்திச் சாமி அவதரித்திருந்தார் அல்லவா! நடுங்குகிற கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுப்பார், நடுக்கம் நின்றுவிடும். டாக்டர்கள் பாவம், வருஷக்கணக்கில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள்.

தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் துஷாந்தினிக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் இருந்தது, பெற்ற தாய் இராக்கம்மா. முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்த கை மடியில் கிடந்து தானாக ஆடியது. மூளை நோய் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். சாமியோ, "முனி புடிச்சிருக்கு. மாத்திரை தின்னா முனி மொறைப்பான்" என்றார். இராக்கம்மா மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம். உடம்பு கட்டையாக இறுகிப்போய், ஒரு வாய் சோறு விழுங்கப் பெரும்பாடு.

"அம்மா, மாத்திரையப் போடுங்க."

"போடி! பழத்தப் புடிச்சேன், கை நின்னுச்சா இல்லையா?"

நின்றதுதான். துஷாந்தினிக்குத் தீராத புதிரும் அதுதான். காதால் கேட்டதோடு சண்டை போடலாம்; கண்ணால் பார்த்ததோடு எப்படிப் போடுவது?

சனிக்கிழமை பண்டாரவளை நெட் கஃபேயில் போய் உட்கார்ந்தாள். இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. புது ஆராய்ச்சிகளை யாராவது தமிழில் சுருக்கிப் போடுவார்கள். அங்கே நடந்ததை எழுதினாள். யாழ்ப்பாணத்து டாக்டர் சிவஞானம் பதில் போட்டார்.

"தங்கச்சி, இந்த மூளை வருத்தத்தில கை சும்மா கிடக்கேக்கதான் கூடுதலா நடுங்கும். எதையாவது எட்டிப் பிடிச்சா கொஞ்ச நேரம் நிக்கும். ஆராய்ச்சிக் கட்டுரையும் இணைச்சிருக்கிறன். பழத்த விட்டிட்டு வேற எதையாவது குடுத்துப் பாருங்கோ."

அடுத்த வெள்ளி. "முனியே, ஓடு!" என்று உறுமினார் சாமி. இராக்கம்மா எட்டிப் பழத்தைப் பிடித்தாள். கை நின்றது. "அரோகரா!" என்றது கூட்டம். கண்மூடித் திறப்பதற்குள் சாமி பழத்தைப் பிடுங்கிக்கொண்டார். அவசரம் இருக்காதா? கொஞ்சம் பொறுத்தால் நடுக்கம் பழத்தோடேயே திரும்பி வந்துவிடுமே!

கை மடிக்குத் திரும்பியது, ஆடியது.

"முனி வாசல்ல நிக்கிறான். அடுத்த வெள்ளி சேவலோட வா."

"சாமி, ஒரு நிமிஷம்." துஷாந்தினி பைக்குள்ளிருந்து ஒரு மீன் டின்னை எடுத்து நீட்டினாள். "அம்மா, இதப் புடிங்க."

பிடித்தாள். கை நின்றது. கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

"மீனுக்கும் சக்தி உண்டு" என்றார் சாமி.

"அப்படியா? அப்ப பழத்தோட சக்தியையும் பாத்துருவோம்."

டின்னை வாங்கிவிட்டு, சாமியின் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி, மடியில் சும்மா கிடந்த அம்மாவின் கையில் வைத்தாள். பழம் குதியாய்க் குதித்து, உருண்டு, சாமியின் காலடியில் போய் நின்றது.

கூட்டத்தில் கை நடுங்க உட்கார்ந்திருந்த கணபதி, குனிந்து தன் செருப்பைக் கழற்றித் தூக்கினார். "அட, எனக்கும் நிக்குதே! ஏன் சாமி, செருப்பக் கண்டாலும் முனி ஓடுவானா?"

"டேய், முனி கோவப்படுறான்!"

"முனி இல்லடா, நான் கோவப்படுறேன்! மூணு சேவல் தின்னியே!"

நின்ற கையில் செருப்பு ஓங்கியே இருந்தது. சாமி டயர்களைத் தாண்டி ஓடினார். அவரைப் பிடித்திருந்த முனி அன்றைக்குத்தான் இறங்கியது.

இராக்கம்மா மகளைப் பார்க்கவில்லை. "பையில மாத்திரை இருக்கா?"

"இருக்கும்மா."

"குடு. தண்ணிக் கோப்பைய நானே புடிச்சுக்கிறேன்."

மறுநாள் துஷாந்தினி குழுவில் எழுதினாள்: "எங்கள் ஆராய்ச்சி முடிவு. எலுமிச்சம்பழம், மீன் டின், செருப்பு மூன்றும் ஒன்று. மாத்திரை வேறு."

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில், அன்றைக்குக் கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்த பெரியாயி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"டீச்சர், அந்த மீன் டின் எந்தக் கடையில வாங்குனீங்க? நம்ம வீட்டுக்காரருக்கு மூட்டுவலி. ஒண்ணு வாங்கிப் பூசை பண்ணலாம்னு..."

"அக்கா, மீன் டின் கெடக்கட்டும். கழுத்துக்கு மேல ஒண்ண இத்தனை வருஷமா மூடியே வச்சிருக்கீங்களே, மொதல்ல அதத் தொறங்க!"