எஃப் பிடித்த பத்து நிமிஷம்

ஐம்பத்தொரு வயதில் ஓர் ஆண்பிள்ளை புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள ஆரம்பித்தால், அவன் வீட்டிலிருந்து யாரோ கிளம்பிப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். என் நண்பர் ஒருவர், மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மாதத்தில் கேக் செய்யக் கற்றுக்கொண்டார். இன்னொருவர் நீச்சல் கற்றுக்கொண்டார். நான் கிட்டார். எங்கள் மூவரில் அக்கம்பக்கத்தாரைத் துன்புறுத்தியவன் நான் ஒருவன்தான் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

என் மகள் தர்ஷினி நர்ஸ். எங்கள் ஊர் கிள்ளானில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். பிறகு அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்து, ஒரு நவம்பர் மாதம் விமானம் ஏறிவிட்டாள். விமான நிலையத்தில் நான் அழவில்லை. என் மனைவி வசந்தா இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதுவிட்டதால் அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

அழுகை இரண்டு வாரம் கழித்து வந்தது, அதுவும் அலமாரியைத் துடைக்கும்போது. தர்ஷினியின் அறையில் அலமாரிக்கு மேல் அவளுடைய கிட்டார் கிடந்தது. பள்ளியில் படிக்கும்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் வாங்கிக் கொடுத்தது. மூன்று மாதம் வாசித்தாள், பரீட்சை வந்தது, மேலே ஏற்றிவிட்டாள். நான் அதை இறக்கித் தூசி தட்டி, அவள் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கம்பியை இழுத்துப் பார்த்தேன். அந்த அறையில் பத்துப் பதினைந்து நாளாக எந்தச் சத்தமும் இல்லை. அந்த ஒரு 'டொய்ங்'குக்குப் பிறகு கொஞ்ச நேரம் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து, வேலை முடிந்து வந்ததும் நேராக அந்த அறைக்குப் போய்விடுவேன். மகள் அறையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தால் வசந்தா கவலைப்படுவாள். கிட்டாரோடு உட்கார்ந்திருந்தால் கோபப்படுவாள். கவலைக்குக் கோபம் பரவாயில்லை என்று தோன்றியது.

எனக்கு வாத்தியார் கிடையாது. கைத்தொலைபேசியை அவள் மேசைமேல் சாய்த்து வைத்து, வீடியோ பார்த்துப் படித்தேன். இடது கை விரல்களால் கம்பிகளை ஒரு குறிப்பிட்ட விதத்தில் அழுத்துவதைப் பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சி ஒரு பிடி, ஜி ஒரு பிடி, ஏ மைனர் ஒரு பிடி. இந்த மூன்றும் இரண்டே மாதத்தில் வந்துவிட்டன. விரல் நுனி தோல் உரிந்து, காய்த்து, கெட்டியானது. அலுவலகத்தில் எல்லாரிடமும் விரலை நீட்டிக் காட்டினேன். (யாரும் கேட்கவில்லை.) நான் கிள்ளான் துறைமுகத்தில் லோரிகளை அனுப்பிவைக்கும் கிளார்க். லோரி டிரைவர்கள்கூட என் விரலைப் பார்த்திருக்கிறார்கள். 'தலைவா, இந்த வயசில இதெல்லாம் பெரிய விஷயம்லா' என்று ஒருவர் சொன்னதை நான் ஒரு வாரம் வசந்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எஃப் வந்தது. எஃப் பிடிக்கு ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பிகளையும் குறுக்கே படுத்து அழுத்த வேண்டும். மற்ற மூன்று விரல்களும் வேறு மூன்று இடங்களில் உட்கார வேண்டும். என் இடது ஆள்காட்டி விரல் இருபத்தெட்டு வருஷமாக, வலது கை கையெழுத்துப் போடும்போது படிவத்தைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்த விரல். படுக்கச் சொன்னால் உண்மையாகவே படுத்துவிட்டது. 'டப், டப்' என்று மரக்கட்டையைத் தட்டும் சத்தம்தான் வந்தது.

ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். ஓர் அங்குலம் நகரவில்லை. கம்பி தடிமன் என்று நினைத்து மெல்லிய கம்பி மாட்டினேன். விரலுக்கு வலுவேற்றும் ஸ்பிரிங் ஒன்று வாங்கி, அலுவலகக் கூட்டங்களில் மேசைக்கடியில் பிசைந்துகொண்டிருந்தேன். (முதலாளி நான் ஏதோ கோபத்தை அடக்குகிறேன் என்று எண்ணி, அந்த மாதம் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்.) கடைசியில் கிட்டாரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்கே போனேன். கல்லாவில் இருந்த பையன் கைத்தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பேசியபடியே எஃப் பிடித்தான். ஆறு கம்பியும் மணி மாதிரி ஒலித்தன. "கிட்டார் ஓகேதான் அங்கிள்" என்றான். திரும்பி வரும் வழியெல்லாம் அவனுடைய விரல்தான் கண்ணில் நின்றது.

எஃப் இல்லாமல் காலம் தள்ளியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தள்ள முடியாததற்குக் காரணம் ஒரு பாட்டு. தர்ஷினிக்கு மூன்று வயதில், தலை பின்னும்போது அழாமல் இருக்க, என் தொழிலுக்கு ஏற்ற மாதிரி நானே கட்டிய பாட்டு அது:

லோரி வருது, லோரி வருது, ஓரம் நில்லு தர்ஷி,
ஹாரன் அடிச்சி, ஹாரன் அடிச்சி, அப்பா வாரேன் தர்ஷி.

கவித்துவத்தை யாரும் தேட வேண்டாம். ஆனால் எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்கு அதைத்தான் பாடுவோம். ஜூலையில் அவளுடைய பிறந்தநாள், வீட்டைவிட்டுப் போனபின் வரும் முதல் பிறந்தநாள். அன்றைக்கு அந்தப் பாட்டை அவளுடைய கிட்டாரிலேயே வாசித்து அவளைத் திகைக்கவைக்க வேண்டும் என்பது என் திட்டம். அதில் சரியாக 'அப்பா' என்ற சொல்லின்மேல்தான் எஃப் விழுகிறது. (பாட்டை ஜி சுருதிக்கு மாற்றினால் எஃப்பே தேவையில்லை என்பது எனக்கு ஒன்றரை வருஷம் கழித்துத் தெரிந்தது. அந்த வீடியோவை மட்டும் நான் பார்க்கவில்லை.)

அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு மாலை ஆறு மணி, அவளுக்குக் காலை பதினொன்று. வார்டில் அவளுக்கு டீ குடிக்கக் கிடைக்கும் இடைவேளை பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்காக வசந்தா காலையிலிருந்து கேக் செய்து, பட்டுப் புடவை கட்டி, தலையில் பூவும் வைத்திருந்தாள். வசந்தாவின் தம்பி முகுந்தன் செராஸிலிருந்து வந்திருந்தான். கணினி விற்கும் கடையில் வேலை பார்ப்பதால் குடும்பத்தில் அவன்தான் விஞ்ஞானி. கைத்தொலைபேசியை ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டு இயக்குநர் ஆனான்.

"மச்சான், ஆடாதீங்க. ஆடினா படம் கலங்கும். அக்கா, நீ பின்னாடி கேக்கோட நில்லு, பேசாத. ஃபேன அடச்சிடுறேன், சத்தம் வரும்."

ஆக, கேமராவுக்கு எதிரே அசையக்கூடிய பொருள் என்று ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டோம்.

தர்ஷினி திரையில் வந்தாள். நீல உடுப்பு, கையில் டீ. கிட்டாரைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. "அப்பா, என்னாப்பா இது?"

கலைஞன் பேசமாட்டான். ஆரம்பித்தேன். லோரி வந்தது. தர்ஷி ஓரம் நின்றாள். ஹாரன் அடித்தேன், இன்னொரு ஹாரனும் அடித்தேன். எஃப் வந்தது.

வீட்டில் தனியாக வாசிக்கும்போதும் அந்த இடத்தில் நான் நிறுத்துவேன். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக உட்காரவைத்து, எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு வாசிக்க ஏழெட்டு விநாடி ஆகும். அன்றைக்குப் பதற்றத்தில் இன்னும் கூடுதல். மூச்சைப் பிடித்துக்கொண்டேன், வாய் திறந்தபடி இருந்தது. பின்னால் வசந்தாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா? ஹலோ? கேக்குதா?"

இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு விரல்களில் மூன்று உட்கார்ந்துவிட்டன.

"ஐயோ, ஹேங் ஆயிடுச்சி" என்று சொல்லி அவள் துண்டித்தாள்.

மறுபடி அழைத்தாள். "லைன் மோசம்பா. இப்ப சொல்லுங்க." வசந்தா ஓரடி முன்னால் வந்தாள். "கொஞ்சம் இரு, முதல்லேர்ந்து வாசிக்கிறேன்" என்றேன். வாசித்தேன். லோரி, ஓரம், ஹாரன், ஹாரன். உறைந்தேன். துண்டித்தாள். முகுந்தன், "வைஃபை பெட்டிய ஒரு தடவ அடச்சிப் போடுறேன் மச்சான்" என்று ஓடினான். விஞ்ஞானிக்கே விளங்கவில்லை. அது அணைந்து உயிர் பெற மூன்று நிமிஷம் ஆயிற்று.

மூன்றாவது முறை அவள் வந்தபோது டீ கோப்பை கையில் இல்லை. "அப்பா, டைம் ஆவுது. அம்மா எங்க?" என்றாள். அப்போதாவது நகர்ந்திருக்க வேண்டும். "ஒரே நிமிஷம் தர்ஷி" என்றேன். ஹாரன் வரைக்கும் போனேன்.

அழைப்பு துண்டாகி, கொஞ்ச நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. லைன் சரியில்லப்பா, வார்டுக்குப் போறேன், அம்மாகிட்ட சொல்லிடுங்க.

முகுந்தன் ஃபேனைப் போட்டான். வசந்தா கேக்கை மேசையில் வைத்தாள். அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். "பத்து நிமிஷம்ங்க" என்றாள் சாதாரணக் குரலில். "காலையிலேர்ந்து காத்துக்கிட்டு இருந்தேன். அவ மூஞ்சிய நான் பாக்கல. உங்க முதுகைத்தான் பாத்தேன்."

அன்றைக்கு கேக்கை யாரும் வெட்டவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் அதைவிடப் பெரிய தப்புகள் இருக்கலாம். ஆனால் இன்றைக்கும் படுத்தால் நினைவுக்கு வருவது பூ வைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்ற வசந்தாதான்.

மறுநாள் தர்ஷினி கூப்பிட்டபோது வசந்தாதான் எடுத்தாள். லைனில் கோளாறு இல்லை, உங்கப்பாவுக்குத்தான் என்று விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. தர்ஷினி மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "எதுக்குப்பா இதெல்லாம் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். "சும்மாதான்" என்றேன். நீ இல்லாத அறையில் உட்கார எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் வராது.

வசந்தா என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் நான் மறுபடி கிட்டாரை எடுத்ததும் வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஏழு மாசமா அடுப்படியில நின்னு கேக்குறேன். நல்லா வர்ற எடத்தையே தெனம் நூறு தடவ வாசிக்கிறீங்க. வராத எடம் வந்ததும் நிப்பாட்டிட்டு, திரும்பவும் லோரி வருதுன்னு ஆரம்பிச்சிடுறீங்க. அந்த எடத்த மட்டும் வாசிச்சா என்ன? லோரிதான் ஏற்கனவே வந்திடுச்சில்ல."

எத்தனையோ வீடியோ பார்த்தும் என் மண்டையில் ஏறாத விஷயம் அது. நான் எஃப்பைப் பயிற்சி செய்யவேயில்லை. எஃப்புக்கு முன்னால் நிற்பதைத்தான் பயிற்சி செய்திருக்கிறேன்.

அன்றிலிருந்து பாட்டை மூட்டைகட்டி வைத்தேன். ஏ மைனரிலிருந்து எஃப், எஃப்பிலிருந்து ஏ மைனர், அவ்வளவுதான். சமையலறைக் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு, எத்தனை தடவை மாற முடிகிறது என்று பார்ப்பேன். முதல் நாள் மூன்று தடவை. விரலைத் தட்டையாக அழுத்தாமல் கொஞ்சம் பக்கவாட்டில் உருட்டினால் போதும், பலமே வேண்டாம் என்பதும் மெல்லப் புரிந்தது. மழைக்காலம் வந்துபோன பிறகு, ஒரு சனிக்கிழமை, ஆறு கம்பியும் சேர்ந்து பேசின. வசந்தா கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தாள். "சாப்பிட வாங்க" என்றாள்.

அடுத்த ஜூலையில் வசந்தா முதலில் ஒன்பது நிமிஷம் பேசினாள். மிச்சம் இருந்த ஒரு நிமிஷம் எனக்கு. லோரி, ஓரம், ஹாரன், ஹாரன், நிற்காமல் எஃப். 'அப்பா வாரேன் தர்ஷி' என்று முடித்துவிட்டு வெற்றியோடு நிமிர்ந்து பார்த்தால், திரையில் தர்ஷினி வாய் திறந்தபடி, கண் கொட்டாமல் உறைந்திருந்தாள்.

"சே, லைன் போச்சு" என்று சொல்லி நானே துண்டித்தேன்.

அவள் நடித்திருக்கிறாள். என்னைக் கேலி செய்ய, அந்த இடத்தில் வேண்டுமென்றே சிலை மாதிரி நின்றிருக்கிறாள். மறுபடி கூப்பிடுவதற்குள் அவளுடைய இடைவேளை முடிந்துவிட்டது. வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டாள்: இனி யார் முகம் நின்றாலும், லைன் அதுவாக அறுந்துபோகிற வரைக்கும் இந்த வீட்டில் ஒருத்தரும் துண்டிக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் இப்போது யாராவது பேச்சின் நடுவே நிறுத்தினால், 'எஃப் போடுறாங்க' என்பார்கள். முகுந்தன் ஒரு கல்யாண வீட்டில் மைக் முன்னால் வார்த்தை வராமல் நின்றபோது, மூன்று வரிசை தள்ளியிருந்து வசந்தாவே அதைச் சொன்னாள்.

போன மாதம் தர்ஷினி கூப்பிட்டாள். அவள் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். இந்தத் தீபாவளிக்காவது லீவு கேட்டாயா என்று வசந்தா கேட்டாள். "கேட்டேம்மா. அவங்க என்னா சொன்னாங்கன்னா" என்று ஆரம்பித்தவள், அப்படியே நின்றுபோனாள்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். "நடிக்கிறாளா?" என்றாள் வசந்தா. "இருக்கும்" என்றேன். திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது இரண்டு பேருக்கும் தெரிந்தது. வசந்தா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தாள். "கன்னம் ஒட்டிப்போச்சுங்க" என்றாள். தர்ஷினி என்ன சொல்லப்போகிறாள் என்று ஓரளவு எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு முடியாத வரைக்கும் அவள் தீபாவளிக்கு வருகிறாள்தான். இருந்தாலும் பழக்கதோஷம், என் விரல் சிவப்புப் பொத்தான் பக்கம் போனது.

வசந்தா அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். "எஃப் போடுறா. இருங்க."

இருந்தோம்.