சுவரைப் பார்த்து நின்ற ரோபோக்கள்

“எதுக்கு எல்லாம் சுவத்தப் பார்த்துக்கிட்டு நிக்குது?” என்று கேட்டார் மேலாளர்.

சரிபார்ப்பாளருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று உடனே சொல்லவும் மனம் வரவில்லை. படத்தைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார்.

திரையில் ‘தகரப் பட்டாளம்’ தொடரின் முதல் பனிநாள் கதை ஓடியது. மொட்டை, நெட்டை, உருளை என்ற மூன்று ரோபோக்களும் வண்ண விளக்குகளுக்கு நடுவே நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. சுவரைப் பார்த்தபடியே ஒன்றுக்கொன்று வாழ்த்துச் சொல்லிக்கொண்டன. முதல் பனி விழும் நாளில் ரோபோக்களின் ஊருக்கு விடுமுறை, அதுதான் பனிநாள்.

தொடரில் ஒரு கதையில் சொன்னதை இன்னொரு கதை பொய்யாக்காமல் பார்த்துக்கொள்வது சரிபார்ப்பாளரின் வேலை. இடது கையைத் தொலைத்த ரோபோ அடுத்த வாரம் அதே கையால் காதைச் சொறிந்துவிடக் கூடாது. அலுவலகத்தில் எல்லோரும் அவரைச் ‘சரிபார்ப்பு’ என்றே கூப்பிட்டார்கள்.

“பெரிய திரைக்குப் போற முதல் படமே பனிநாளப் பத்தினது,” என்றார் மேலாளர். “பத்திரிகைக்காரங்க முதல்ல இதத்தான் கேப்பாங்க. காரணத்தக் கண்டுபிடிங்க சரிபார்ப்பு. அப்புறம் லீவு போங்க.”

“சார், வெள்ளிக்கிழமை சாயந்தரம் பஸ்சு. மச்சினிச்சி வீடு மலை மேல. பொண்ணு இதுவரைக்கும் பனியே பார்த்ததில்ல. மூணு வருஷமா கூட்டிட்டுப் போறேன் கூட்டிட்டுப் போறேன்னு...”

“நான் இங்க இருபத்தஞ்சு வருஷமா இருக்கேன். ஒரு நாள் லீவு போட்டதில்ல.”

மேலாளரின் தலைக்கு மேலே சட்டம் போட்டு ஒரு ரோபோச் சிரிப்பு மாட்டியிருந்தது. இளவயதில் அவரே வரைந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சரிபார்ப்பாளர் முறைப்படி ஆரம்பித்தார். இரண்டாம் வருடப் பனிநாளில் ரோபோக்களுக்குக் குல்லா வந்திருந்தது. அப்போதும் முகம் சுவர்ப்பக்கம்தான். கணினி விளையாட்டில், பனிநாளன்று திரும்பிப் பார்த்த ரோபோவுக்கு ஓர் உயிர் போனது. சித்திரக்கதையில் மூன்றும் காட்டுக்குள் ஆளுக்கொரு மரத்தைப் பார்த்து நின்றன.

“காட்டுல சுவர் ஏது? அதான் மரம்,” என்றார் சித்திரக்கதை எழுதுபவர். பேச்சுக் குமிழ்களை நிரப்பி நிரப்பி ‘பலூன்காரர்’ என்று பெயர் வாங்கியவர்.

“ஏன் நிக்குதுன்னு நீங்க யாரையும் கேக்கலயா?”

“கேட்டா தெரியாதும்பாங்க. அப்புறம் நீயே கண்டுபிடின்னு என் தலையிலயே கட்டுவாங்க. நான் என்ன, உங்கள மாதிரியா?”

பொம்மைப் பிரிவில் நிலைமை இன்னும் மோசம். பனிநாள் பொம்மைக்கு இரண்டு பக்கமும் முதுகு.

“என்னம்மா இது, மூஞ்சியே இல்ல?”

“டிவியில முதுகுதானே சார் காட்டுனாங்க?” என்றார் பொம்மைப் பிரிவுத் தலைவி. “முன்னாடி என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மத்த நாள்ல மூஞ்சி இருக்கே!”

“அது மத்த நாள் பொம்மை சார். இது பனிநாள் பொம்மை.”

திரும்பி வந்து முதல் கதையை ஒவ்வொரு காட்சியாக நிறுத்திப் பார்த்தார். முதுகின் ஆணிகள்கூட ஒன்று விடாமல் அழகாக வரையப்பட்டிருந்தன. அவசரத்தில் செய்த வேலை இல்லை. ரோபோக்களின் நாய்கூட வாலைத்தான் காட்டியது. வழக்கமாகக் கண்ணும் வாயுமாகச் சிரிக்கும் சுவர்க் கடிகாரத்தை யாரோ திருப்பி மாட்டியிருந்தார்கள். ரோபோ திரும்பி நிற்கலாம். கடிகாரம் எதற்குத் திரும்ப வேண்டும்? நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து, அறையின் சுவரைப் பார்த்துத் தாமே சிறிது நேரம் நின்று பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் காரணத்தைச் சொன்னார். “சுவர்லேர்ந்து சார்ஜ் ஏத்திக்குதுங்க சார்.”

மேலாளருக்குப் பிடித்திருந்தது. பலூன்காரருக்கு இல்லை. “மரத்துல எங்க சார்ஜ் ஏத்தும்? அதோட அதுங்க எண்ணெயில ஓடுற வண்டிங்க. தொடரோட பாட்டுலயே வருதே!”

அதற்குள் பொம்மைப் பிரிவு பிளக் வைத்த பொம்மை ஒன்றைச் செய்துவிட்டது. அதை உருக்க ஒருவருடைய விடுமுறை போனது.

புதன்கிழமை, “தங்களப் படைச்சவங்களுக்கு மரியாதை செய்யுதுங்க,” என்றார்.

மேலாளரின் கண் கலங்கியது. “அடடா! அப்ப அந்தச் சுவருதான் முக்கியம். சுவரையும் தனியா விக்கலாம்.”

“என்ன கலர் சுவர்?” என்று பொம்மைப் பிரிவு கேட்டது. முதல் கதையில் மஞ்சள், இரண்டாவதில் நீலம், விளையாட்டில் செங்கல். மூன்றையும் செய்துவிடலாம் என்று மேலாளர் முடிவெடுத்தார். பொம்மைப் பிரிவில் எல்லோருடைய விடுமுறையும் போனது. தலைவி சரிபார்ப்பாளரைப் பார்த்த பார்வையில் பனி உறைந்திருந்தது.

“இதுக்குத்தான் வாயத் திறக்கக் கூடாதுங்கிறது,” என்றார் பலூன்காரர்.

சரிபார்ப்பாளருக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் வாய் கேட்கவில்லை. வியாழக்கிழமை மூன்றாவது காரணம் வந்தது: “கண்ணாமூச்சி ஆடுதுங்க சார். சுவத்தப் பார்த்து எண்ணுதுங்க. மரமும் சரியா வருது. திரும்பிப் பார்த்தா உயிர் போறதும் சரியா வருது!”

சொல்லி முடித்ததும் அவருக்கே பெருமையாக இருந்தது. முதல் தடவையாக எல்லாம் பொருந்தியது.

மேலாளர் மூன்று விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “மூணும் எண்ணுதுன்னா... ஒளிஞ்சிருக்கிறது யாரு?”

எல்லோரும் சரிபார்ப்பாளரைப் பார்த்தார்கள்.

“அப்ப இருபத்தஞ்சு வருஷமா ஒரு ரோபோ ஒளிஞ்சிருக்கு!” மேலாளர் மேசையைத் தட்டினார். “யாருமே கண்டுபிடிக்கல! அதுதான்யா படம்! கதைய மாத்துங்க. எல்லாத்தையும் புதுசா வரைங்க. ஒருத்தருக்கும் லீவு கிடையாது!”

பலூன்காரரின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை.

அன்று வீட்டில் மனைவி பெட்டியில் கம்பளிச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். “உங்க சட்டைய வெக்கவா வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க.”

“வை. வேணும்னா அப்புறம் எடுத்துக்கலாம்.”

“மூணு வருஷமா வெச்சு வெச்சுதான் எடுத்துக்கிட்டிருக்கேன்.”

மகள் விளக்கமெல்லாம் கேட்டுவிட்டு, “அப்பா, அந்த ஒளிஞ்சிருக்கிற ரோபோவ நான் கண்டுபிடிச்சிட்டேன். நீங்கதான்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்ட அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். புதிய கதையைப் பிரித்துக்கொள்வதற்கு முன், உணர்ச்சி வருவதற்காக முதல் பனிநாள் கதையை ஒருமுறை போடச் சொல்லியிருந்தார் மேலாளர். சரிபார்ப்பாளரின் பை காலடியில் இருந்தது. சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. மனைவியும் மகளும் பஸ் நிலையம் வந்துவிட்டார்கள்.

எழுந்து நின்றார். “சார், கடிகாரம் மட்டும் இடிக்குது. கண்ணாமூச்சின்னா கடிகாரம் ஏன் திரும்பியிருக்கு?”

“கடிகாரமும் ஆடுது. உக்காருங்க.”

அப்போது கதவைத் திறந்துகொண்டு மேலாளரின் மனைவி உள்ளே வந்தார். மேலாளர் வீட்டில் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடி அவர் கையில் இருந்தது. திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

“அட, நம்ம மொட்டை! ஏன் எல்லாம் கோவிச்சுக்கிட்ட மாதிரி நிக்குது?”

“அதத்தாம்மா அஞ்சு நாளா தேடிக்கிட்டிருக்கோம்,” என்றார் பலூன்காரர்.

“இது எந்த வருஷத்துக் கதை?”

“முதல் வருஷம்மா. மலையில முதல் பனி விழுந்த வாரம்,” என்றார் சரிபார்ப்பாளர்.

அந்த அம்மாள் நாயைப் பார்த்தார். திருப்பி மாட்டிய கடிகாரத்தைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

மேலாளர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தின் நிறம் மாறியது.

“சரிபார்ப்பு, உங்க பஸ் எத்தனை மணிக்கு?”

“அஞ்சரைக்கு சார்.”

“அப்ப ஏன் இன்னும் நிக்கறீங்க? கிளம்புங்க. எல்லாரும் கிளம்புங்க. லீவு. படத்த அப்புறம் பார்த்துக்கலாம்.”

ஒருவரும் அசையவில்லை. இந்த மாதிரி ஒரு வாக்கியம் அந்த அறையில் இதற்கு முன் சொல்லப்பட்டதில்லை.

சரிபார்ப்பாளர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கதவு வரை போய்விட்டார். கைப்பிடியில் கை வைத்தும்விட்டார். கைபேசி மறுபடி அதிர்ந்தது. ஆனால் காரணம் தெரியாமல் மலையேறினால் பனி கண்ணில் படாது என்று தோன்றியது. திரும்பினார்.

“அம்மா, எதுக்குச் சிரிச்சீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க.”

“வேண்டாம்,” என்றார் மேலாளர். மெல்லத் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

“பின்ன என்னப்பா,” என்றார் அவர் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அத்தன பேருக்கும் மூஞ்சி வரையறவரு எங்க கல்யாணத்துக்குன்னு பத்து நாள் சொல்லாமக் கொள்ளாம லீவு போட்டுட்டு வந்துட்டா, பாவம், அதுங்க வேற எந்தப் பக்கத்தத்தான் காட்டும்?”