மலைக்குப் போய் வந்த பக்கத்து வீட்டுச் செய்தி

எந்த வரைபடத்திலும் இல்லாத பின்னல்நாட்டில், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கயிறு புறப்பட்டு ஊர் நடுவே இருந்த முடிச்சு மண்டபத்துக்குப் போகும். சேதி சொல்ல வேண்டியவர் அதை எழுதிச் சிறு மரப்பெட்டியில் போட்டு, போய்ச்சேர வேண்டிய வீட்டின் சின்னத்தை மேலே வரைந்து கயிற்றில் தள்ளிவிடுவார். மண்டபத்துக்காரன் சின்னத்தைப் பார்ப்பான். அந்த வீட்டுக் கயிற்றில் மாட்டுவான். மீன், உலக்கை, மூக்குத்தி என்று வீட்டுக்கொரு சின்னம். உப்புக் கேட்டால் குழம்பு கொதிக்கும் முன் வந்துவிடும்.

இவ்வளவு ஒழுங்காக நடக்கும் ஒன்றை அரசாங்கம் எப்படிச் சும்மா விடும்?

செய்தித்துறை அமைச்சர் ஏகாம்பரனார் முதல் ஆணையைத் தாமே எழுதினார். "ஒரே நாடு, ஒரே சின்னம். இனி எல்லா வீடுகளுக்கும் அரச சிங்கமே சின்னம்." மன்னர் சர்வஞான வர்மர் மகிழ்ந்து முத்துமாலை போட்டார். மறுநாள் முதல் எந்தப் பெட்டி எந்த வீட்டுக்கு என்று மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. வைத்தியர் கேட்ட கஷாயப் பொடி சலவைக்காரர் வீட்டுக்குப் போனது.

குழப்பம் தீர இரண்டாம் ஆணை வந்தது: ஒவ்வொரு சேதியையும் படியெடுத்து எல்லா வீட்டுக்கும் அனுப்புக, உரியவர் எடுத்துக்கொள்க. மாமியாரைப் பற்றி மருமகள் தாய்க்கு எழுதியதை மாமியாரும் படித்தாள். அந்த வாரம் ஊரில் அடிதடி நடக்காத தெரு இல்லை.

அடிதடி தீர மூன்றாம் ஆணை. எல்லாப் பெட்டிகளும் ஆற்றுக்கு அப்பால் மலைமேல் உள்ள பரிசோதனை மாடத்துக்குப் போய், அதிகாரிகள் படித்து, யாருக்கென்று குறித்து முத்திரையிட்டபின் திரும்பி வர வேண்டும். உப்பு வந்தது, குழம்பு ஊசிப்போன பிறகு.

மழைக்காலம் வந்தது. ஆறு கரைபுரண்டது. மலைக்கயிறு அறுந்தது. "நாட்டின் செய்தித் தொடர்பு முற்றிலும் அற்றுவிட்டது. குடிமக்கள் அமைதி காக்க" என்று முரசறைந்தார்கள். தெருவில் இடுப்பளவு தண்ணீர் சுழித்து ஓடியது. எல்லோரும் கயிற்றை வெறித்துப் பார்த்தபடி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரனாரின் மகள் பூங்கோதைக்கு இடுப்பு வலி கண்டது. தலைப்பிரசவம். மருத்துவச்சி செங்கமலம் தெருக்கோடியில்தான் இருந்தாள்; அவள் வீட்டில் பரிசலும் இருந்தது. ஆனால் சேதி சொல்வது எப்படி? அமைச்சர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"என்னங்க, பெட்டி விடுங்களேன்!" என்றாள் மனைவி கோமளம்.

"எப்படி விடுவது? தொடர்புதான் அற்றுவிட்டதே. நானே கையெழுத்திட்டு அறிவித்தேன்."

"அறுந்தது மலைக்குப் போற கயிறு. நம்ம வீட்டுக் கயிறு இருக்கு. மண்டபம் மேட்டுல இருக்கு. செங்கமலம் வீட்டுக் கயிறு அதோ ஆடுது பாருங்க. அப்புறம் என்ன அறுந்துபோச்சு, உங்க மூளையா?"

"பரிசோதிக்கப்படாத பெட்டி சட்டவிரோதம், கோமளம். ஓராண்டுச் சிறை."

"போய் இருந்துட்டு வாங்க. உங்க சட்டமா வந்து பிரசவம் பாக்கும்?"

உள்ளேயிருந்து பூங்கோதை அலறினாள். அமைச்சர் மை தேடினார். சிங்கம் போட்டால் பெட்டி எங்கே போகுமோ! அவசர அவசரமாக, தாம் ஒழித்த சின்னத்தைத் தாமே வரைந்தார். செங்கமலம் வீட்டு மூக்குத்தி. அது பார்ப்பதற்குப் பூசணிக்காய் போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட்டார்.

கயிறு விர்ரென்றது. பிறகு தெருக்கோடிக் கயிறும் விர்ரென்றது. சற்று நேரத்தில் வாசலில் பரிசல் முட்டியது.

"பூசணிக்காயா, மூக்குத்தியான்னு மண்டபத்துல ஒரே விவாதமாம்," என்றபடி செங்கமலம் உள்ளே ஏறினாள். "வெந்நீர் வைம்மா கோமளம். ஐயா, நீங்க குறுக்கே நிக்காதீங்க."

விடிவதற்குள் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் சுகம். அமைச்சர் தூணில் சாய்ந்து குழந்தைபோல அழுதார்.

வெள்ளம் வடிந்ததும் குற்றத்தை ஒப்புக்கொள்ள அவரே மண்டபத்துக்குப் போனார். அங்கே மூலையில், பட்டு சுற்றிய கயிறு ஒன்றில் பெட்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

"இது எந்தக் கயிறு?"

மண்டபத்துக்காரன் சடையன் தலையைச் சொறிந்தான். "மன்னர் படுக்கையறைக்கும் அரண்மனைச் சமையக்கட்டுக்கும் போறதுங்க. இது மலைக்கே போனதில்லீங்க. சிங்கமும் கெடயாது, பழைய முறுக்குச் சின்னம்தான். மன்னர் பசி தாங்க மாட்டாருங்களே."

"மூன்றாம் ஆணை வந்த அன்றும் ஓடியதா?"

"அன்னிக்கு ஆணை வெற்றின்னு சந்தோஷத்துல ரெண்டு வடை கூடக் கேட்டாருங்க."

ஏகாம்பரனார் முதலில் திகைத்தார். பிறகு சிரித்தார். சிறை பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து நான்காம் ஆணையை எழுதினார்: "மாமன்னர் தம் அரண்மனையில் நெடுநாளாகச் சோதித்து வெற்றி கண்ட சமையற்கட்டு முறை, அவரது கருணையால் இன்று முதல் எல்லா வீடுகளுக்கும் வழங்கப்படுகிறது."

அதை மறுக்க வேண்டுமானால் மன்னர் தம் வடையையும் மறக்க வேண்டும். மன்னர் கையெழுத்திட்டார். மீனும் உலக்கையும் மூக்குத்தியும் கதவுகளில் திரும்பி வந்தன.

மலைக்கயிற்றையும் பெரும்பொருட்செலவில் மறுபடி கட்டினார்கள். மன்னரைப் புகழும் சேதிகளை மட்டும் மக்கள் அதில் அனுப்புகிறார்கள். பரிசோதகர்கள் ஒன்று விடாமல் படித்துவிட்டு, நாட்டில் அனைவரும் மகிழ்ச்சியாக இருப்பதாக அறிக்கை எழுதுகிறார்கள். அந்த அறிக்கை வந்த அன்றும் கோமளம் உப்புக் கேட்டுப் பெட்டி விட்டாள். குழம்பு கொதிக்கும் முன் உப்பு வந்துவிட்டது.